ஓர் அங்குலமா, எட்டு அங்குலமா?

நம்பிக்கைகளும் உண்மைகளும்: வாய்வழித் துப்பாக்கியும் மான் வேட்டையும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஒரு வினோதமான மான் வேட்டை சீசன் தொடங்கும். 1974-லிருந்து நடக்கிறது. சக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீப்பொறி எழுப்பும் பழைய பாணித் துப்பாக்கிதான் வேண்டும். டெலஸ்கோப் கூடாது. மற்ற மாநிலங்களிலும் பெரும்பாலானவை, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் துப்பாக்கிக்கென்று சில நாட்களை ஒதுக்கி வைத்திருக்கின்றன. விதிகள்தான் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வேலை எளிது, நேரம்தான் பிடிக்கும். கரிமருந்தை அளந்து குழலுக்குள் கொட்ட வேண்டும். மசகு தடவிய துணித்துண்டில் ஈயக்குண்டை வைத்து, கோலால் அடிவரை தள்ள வேண்டும். பின்பக்கம், தட்டினால் தீப்பொறி தரும் கேப் ஒன்றைப் பொருத்தியோ, சிட்டிகை மருந்து வைத்தோ சுட வேண்டும். அவ்வளவுதான், கையில் இருப்பது ஒரே ஒரு குண்டு. அடுத்ததற்கு அரை நிமிடமாவது ஆகும். மான் அதுவரை நிற்காது. நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'நாட்டுத்துப்பாக்கி பறிமுதல்' என்று வருவதும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். அமெரிக்காவில் லைசென்ஸ், நாட்கள், எத்தனை மான் என்பதெல்லாம் அரசே வகுத்துத் தருகிறது. கீழே பேசப்படுவது முழுக்க அந்த ஊர் விவகாரம்.

ஒரே குண்டு என்பதால் 'குறி எவ்வளவு துல்லியமாக இருந்தால் போதும்' என்ற கேள்வி அங்கே ஓயாமல் எழுகிறது. பதில்களும் ஏராளமாக உலவுகின்றன. பாதிக்குப் பாதி தப்பு.

நம்பிக்கை: நூறு கஜத்தில் ஓர் அங்குலத்துக்குள் குண்டுகள் சேராவிட்டால் அந்தத் துப்பாக்கி மானுக்கு உதவாது.

இது நவீன ரைபிளிடமிருந்து தொற்றிக்கொண்ட வியாதி. ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் ஒரு கோண நிமிடம். நூறு கஜத்தில் அது 1.047 அங்குலமாக விரியும். இன்றைய ரைபிள் கம்பெனிகள் 'ஒரு நிமிடத்துக்குள் குரூப்' (குண்டுகள் சேர்ந்து விழும் அகலம்) என்று விளம்பரம் செய்யச் செய்ய, அதுவே வேட்டைக்கும் அளவுகோல் என்று ஆகிப்போனது. மானின் உடம்பைப் பார்த்து யாரும் வைத்த அளவில்லை அது.

வெள்ளைவால் மான் பக்கவாட்டில் நிற்கும்போது இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஏறத்தாழ எட்டு அங்குல வட்டம். குண்டு அதற்குள் விழுந்தால் மான் சீக்கிரம் சாகும். வெளியே விழுந்தால் அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து வதைபடும். ஒரு துப்பாக்கி நூறு கஜத்தில் நாலு அங்குல குரூப் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குல ஆசாமிகள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நாலு அங்குல குரூப்பில் குண்டு நடுவிலிருந்து விலகுவது சுமார் இரண்டு அங்குலம். வட்டத்தின் விளிம்போ நடுவிலிருந்து நாலு அங்குலம் தள்ளி இருக்கிறது. மீதி இரண்டு அங்குலம் சுடுகிறவரின் கைநடுக்கத்துக்கும் மூச்சிரைப்புக்கும் இருக்கிறது. பெரும் செலவு செய்து குரூப்பை ஓர் அங்குலமாகக் குறைத்தாலும் அதனால் மிச்சமாவது ஒன்றரை அங்குலம்தான். குளிரில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து விறைத்த கை அதைப்போல இரண்டு மடங்கைச் சர்வசாதாரணமாக விழுங்கிவிடும்.

அரசாங்கமே வேட்டைக்காரருக்குச் சுடும் தேர்வு வைக்கும் நாடுகள் என்ன கேட்கின்றன? நார்வேயில் நூறு மீட்டரில் ஐந்து குண்டும் 30 சென்டிமீட்டர் வட்டத்துக்குள் விழ வேண்டும். பின்லாந்தில் 75 மீட்டரில் நாலு குண்டு, 23 சென்டிமீட்டர் வட்டம், ஒன்றரை நிமிடத்துக்குள். இவை நவீன ரைபிளுக்கு வைத்த தேர்வுகள். அப்படியிருந்தும் ஓர் அங்குலம் என்ற பேச்சே இல்லை, கிட்டத்தட்ட ஒரு அடி வரை விடுகிறார்கள். தேர்வில் தோற்கிறவர்களும் இருக்கிறார்கள்.

போதாக்குறைக்கு, வெறுங்கண்ணால் குறி பார்க்கும் துப்பாக்கியில் குழல் நுனியில் நிற்கும் முள் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தடிமன் இருந்தால், கண்ணிலிருந்து மூன்றடி தள்ளி நிற்கும் அது நூறு கஜத்தில் ஆறு அங்குலத்துக்கு மேல் மறைக்கும். எட்டு அங்குல இலக்கில் முக்கால்வாசியை முள்ளே மூடிவிடுகிறது. போட்டிகளில் கெட்டிக்காரர்கள் கறுப்பு வட்டத்தின் அடிவிளிம்பில் முள்ளை உட்கார வைத்து இதைச் சமாளிப்பார்கள். மானின் விலாவில் யாரும் கறுப்பு வட்டம் வரைந்து வைப்பதில்லை.

நம்பிக்கை: வாய்வழியாக நிரப்பும் துப்பாக்கி பிறவியிலேயே குறி தவறும்.

முந்தையதற்கு நேர் எதிர்த் துருவம். இதை நம்புகிறவர்கள் மஸ்கட்டையும் ரைபிளையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மஸ்கட்டின் குழல் உள்ளே வழவழவென்றிருக்கும். தளர்வான குண்டு உள்ளே இடித்துக்கொண்டே வந்து எந்தப் பக்கம் கடைசியாக முட்டியதோ அதற்கேற்பப் போகும். ரைபிள் குழலுக்குள் சுருளாக வரிகள் வெட்டியிருக்கும். அவை குண்டைப் பம்பரமாகச் சுழற்றி அனுப்புவதால் அது தடம் மாறாது. எந்த வழியாக நிரப்பினோம் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சான்று வேண்டுமானால் 1860 ஜூலையில் லண்டன் விம்பிள்டன் மைதானத்துக்குப் போக வேண்டும். ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர் அறுகோணக் குழல் கொண்ட தன் வாய்வழி ரைபிளை இரும்புத் தாங்கியில் இறுக்கிப் பொருத்தி, 400 கஜம் தள்ளி வைத்த இலக்குக்குக் குறி சரிசெய்து வைத்தார். விக்டோரியா மகாராணி பட்டுக்கயிற்றை இழுத்தார். குண்டு மையத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குள் பதிந்தது.

மகாராணிக்காக ஜோடித்த வித்தை என்று ஒதுக்கலாம். ஆனால் 1874 செப்டம்பர் 26 அன்று நியூயார்க்குக்கு அருகே கிரீட்மோர் சுடுதளத்தில் நடந்தது போட்டி. அயர்லாந்து அணி ரிக்பி கம்பெனியின் வாய்வழி ரைபிள்களோடு வந்தது. அமெரிக்க அணியிடம் பின்வழியாக நிரப்பும் ரெமிங்டனும் ஷார்ப்ஸும். தூரம் 800, 900, 1000 கஜம். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. மூன்றே புள்ளி! அதுவும், அயர்லாந்துக்காரர் ஒருவர் பக்கத்து இலக்கில் சுட்டுவிட்டு ஒரு குண்டுக்குப் பூஜ்யம் வாங்கினார். அது சரியான இலக்கில் விழுந்திருந்தால் 'பழைய' துப்பாக்கியே ஜெயித்திருக்கும்.

நம்பிக்கை: அந்தக் காலத்து எல்லைப்புற வேட்டைக்காரர்கள் முன்னூறு கஜத்தில் மானை வீழ்த்தினார்கள், நாமும் செய்யலாம்.

விட்வொர்த்தையும் ரிக்பியையும் காட்டி இப்படி வாதாடுகிறவர்கள் உண்டு. அவை சுட்டது நீளமான குண்டு, வேகமான சுருள். மான் வேட்டையில் பலர் வைத்திருக்கும் பழைய பாணித் துப்பாக்கி சுடுவது உருண்டைக் குண்டு. இரண்டும் வேறு ஜாதி.

எல்லைப்புறக் கதைகளில் பெரிய கதை, அமெரிக்க விடுதலைப் போரின் சரடோகா சண்டை. 1777 அக்டோபர் 7 அன்று பிரிட்டிஷ் தளபதி சைமன் பிரேசரைத் தொலைவிலிருந்து அமெரிக்க ரைபிள் வீரர் டிமோதி மர்பி சுட்டு வீழ்த்தினார் என்பார்கள். பிரேசர் அன்று ரைபிள் குண்டு பட்டு மறுநாள் இறந்தது வரலாறு. சுட்டவர் மர்பிதான், தூரம் முன்னூறு கஜம் என்பதெல்லாம் பின்னால் வந்து சேர்ந்த சேதி, வரலாற்றாசிரியர்கள் ஒத்துக்கொள்வதில்லை. மர்பியே சுட்டார் என்று வைத்துக்கொண்டாலும், போர்க்களத்தில் ஒரு குண்டு பட்டதைப் பேசுகிறவர்கள் படாமல் போனவற்றை எண்ணுவதில்லை. படாமல் போன குண்டுக்குக் கதை கிடையாது. எல்லைப்புற வேட்டைக்காரர் டேனியல் பூன் அணிலைத் தொடாமல் அது உட்கார்ந்திருந்த மரப்பட்டையைச் சுட்டே அணிலைச் சாய்த்ததாகப் பறவை ஓவியர் ஆடுபன் எழுதியிருக்கிறார். அந்தச் சந்திப்பே நடந்ததா என்ற சந்தேகம் ஒரு பக்கம் இருக்கட்டும். அணில் கதைகள் எல்லாமே பக்கத்து மரத்துக் கதைகள்.

இயற்பியல் சொல்வதைக் கேட்போம். அரை அங்குலக் குழலுக்கான உருண்டைக் குண்டு சுமார் 180 கிரெய்ன் எடை, பன்னிரண்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. நல்ல அளவு மருந்து போட்டால் விநாடிக்கு 1900 அடி வேகத்தில் கிளம்பும். ஆனால் உருண்டை காற்றைக் கிழிக்கத் தெரியாத வடிவம். நூறு கஜம் போய்ச் சேரும்போது வேகம் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்துவிடும், அதாவது ஒலியின் வேகத்துக்குப் பக்கத்தில். 50 கஜத்துக்குக் குறி ஒத்து வைத்திருந்தால் நூறு கஜத்தில் நாலு அங்குலம் போலக் கீழே விழும். அதைக்கூடப் பழகிக்கொள்ளலாம்.

பழகவே முடியாதது காற்று. மணிக்கு 10 மைல் குறுக்குக்காற்று, அதாவது இலைகளையும் கிளை நுனிகளையும் ஆட்டும் அளவுக் காற்று, 50 கஜத்தில் இந்தக் குண்டை இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் தள்ளும். தூரம் இரட்டிப்பானால் தள்ளலும் இரட்டிப்பாகும் என்று நினைத்தால் தவறு. நூறு கஜத்தில் அது ஏறக்குறைய பத்து அங்குலம். எட்டு அங்குல வட்டத்தின் நடுவைக் குறி பார்த்து, கொஞ்சமும் நடுங்காமல் சுட்டாலும், குண்டு வட்டத்துக்கு வெளியே, காற்றின் திசையைப் பொறுத்து வயிற்றில்கூட விழும். உருண்டைக் குண்டுக்காரர்களில் விவரம் தெரிந்தவர்கள் 75 கஜத்தைத் தாண்டத் தயங்குவது கண்பார்வைக் குறைவால் இல்லை.

நம்பிக்கை: மருந்தைக் கூட்டினால் குறி நேராகும்.

ஆகாது. கூடுதல் மருந்தால் குழல் வாயில் கிடைக்கும் அதிக வேகத்தில் பெரும்பகுதியை நூறு கஜத்துக்குள் காற்று பிடுங்கிக்கொள்ளும். மிஞ்சுவது தோள் வலியும் விரிந்த குரூப்பும். துப்பாக்கிக்குப் பிடித்த அளவை ஐந்து கிரெய்ன், ஐந்து கிரெய்னாக ஏற்றி இறக்கித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பைரோடெக்ஸ் போன்ற மாற்று மருந்துகளைத் தராசில் நிறுக்காமல் கரிமருந்துக்குரிய அளவுக்குழாயில்தான் அளக்க வேண்டும். எடை குறைவானது, நிறுத்துப் போட்டால் அளவு மிஞ்சிவிடும். புகையில்லா நவீன மருந்தை, அதற்கென்றே செய்யப்படாத துப்பாக்கியில் போடுவது குறி தவறும் விஷயமே இல்லை. குழல் வெடித்துக் கையும் கண்ணும் போகும் விஷயம்.

நம்பிக்கை: பெஞ்சில் வைத்துச் சுட்ட மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டால் வேலை முடிந்தது.

எனக்கு இருப்பதிலேயே கோபம் வரவழைக்கும் நம்பிக்கை இதுதான். பொய்யாக இருந்தால் பிடித்துவிடலாம். இது பாதி உண்மை.

முதலில் எண்ணிக்கை. குரூப் என்பது மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளுக்கு நடுவே உள்ள தூரம். குண்டு கூடக் கூட அது விரியத்தான் செய்யும். கணக்குப்படி, மூன்று குண்டு குரூப் சராசரியாக இரண்டு அங்குலம் போடும் துப்பாக்கி, பத்துக் குண்டில் மூன்று அங்குலத்தைத் தாண்டும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, முன்பு நாம் பார்த்தது குறைவு, அவ்வளவுதான். இதில் நல்ல மூன்றைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, கெட்டவற்றைக் காற்றின் கணக்கிலும் கையின் கணக்கிலும் எழுதிவிடும் பழக்கம் வேறு.

அதைவிடப் பெரிய விஷயம் குழலின் நிலை. கரிமருந்து எரிந்தால் கசடு நிறைய மிஞ்சும். முதல் குண்டு சுத்தமான குழலில் போகிறது. இரண்டாவது கசடு படிந்த குழலில், மூன்றாவது அதைவிடக் கசடு படிந்ததில். துடைக்காமல் சுட்டால் கோலைத் தள்ளவே கை வலிக்கும். ஒவ்வொரு குண்டும் வேறு இறுக்கத்தில் உட்காரும். துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய் குழலில் மிச்சமிருந்தால் முதல் குண்டு தனி வழியில் போகும். சுடுதளத்தில் சூடேறிய, கசடு படிந்த குழலில் போட்ட அழகான குரூப், வேட்டையில் குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் அந்த ஒரே குண்டைப் பற்றி அதிகம் சொல்லாது. வேட்டையில் இரண்டாம் குண்டே இல்லையே!

ஆகவே பார்க்க வேண்டியது முதல் குண்டை. வேட்டைக்குப் போகும்போது குழல் எப்படி இருக்குமோ அப்படியே வைத்து ஒன்று சுட வேண்டும். பிறகு துப்பாக்கியைத் துடைத்து வைத்துவிட்டு வேறொரு நாள் ஒன்று. அதே காகிதத்தில். இப்படிச் சேர்ந்த முதல் குண்டுகளின் குரூப்தான் அந்தத் துப்பாக்கியின் நிஜக் குரூப். பார்க்க அவ்வளவு அழகாக இருக்காது.

சுட்டபின் காகிதத்தை நோக்கி ஓடுகிறவர்கள் வழியில் கிடக்கும் இன்னொரு சாட்சியை மிதித்துக்கொண்டு போகிறார்கள். குண்டைச் சுற்றியிருந்த துணித்துண்டு பத்துப் பதினைந்து கஜத்தில் புல்லில் விழுந்து கிடக்கும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் சாம்பல் நிறத்தில் முழுசாக, ஓரம் மட்டும் நூல் பிரிந்திருந்தால் எல்லாம் சரி. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் மசகு போதவில்லை, அல்லது துணி மெல்லிசு. குழல்வரிகள் பட்ட இடங்களில் பிளேடால் கீறியதுபோல் வெட்டு இருந்தால் குழல் வாயின் விளிம்பு கூராக இருக்கிறது. கொஞ்சம் மழுக்க வேண்டும். கந்தலாக வந்தால் குண்டு வரிகளைப் பிடிக்காமலே போயிருக்கிறது, குரூப் விரிந்ததற்குக் காற்றைத் திட்டிப் பயனில்லை. கோலிலும் ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்வது உத்தமம். குண்டு மருந்தின் மேல் உட்கார்ந்தால் கோடு குழல் வாயோடு சரியாக நிற்கும். மேலே நின்றால் நடுவில் இடைவெளி இருக்கிறது; குறியும் போகும், குழலும் வீங்கும்.

பிறகு பெஞ்ச். காட்டில் பெஞ்ச் கிடையாது. மரத்தில் சாய்ந்தோ முட்டி போட்டோதான் சுட வேண்டும். சக்கிமுக்கியாக இருந்தால் விசையை இழுத்ததும் கண் முன்னே கிண்ணத்து மருந்து பளிச்சென்று எரியும், அப்புறம்தான் குண்டு கிளம்பும். அந்தக் கண நேரத்தில் முகத்தைச் சுளித்து முள்ளை அசைத்துவிடாதவர்கள் குறைவு. இதற்கெல்லாம் பரீட்சை, கடையில் விற்கும் காகிதத் தட்டு ஒன்றுதான். அதுவும் எட்டொன்பது அங்குலம். முட்டி போட்டு, குளிர்ந்த குழலில், முதல் குண்டு தவறாமல் தட்டில் விழும் மிகத் தொலைவான தூரம் எதுவோ அதுதான் அந்த ஆளின் எல்லை. ஒருவருக்கு 40 கஜம், ஒருவருக்கு 80. துப்பாக்கியின் விலைக்கும் இந்த எண்ணுக்கும் பெரிய உறவில்லை.

நம்பிக்கை: குண்டு போய்ப் படும்போது ஆயிரம் அடி-பவுண்டு ஆற்றல் இல்லாவிட்டால் மான் சாகாது.

அந்த உருண்டைக் குண்டு குழல் வாயில் சுமார் 1400 அடி-பவுண்டோடு கிளம்பும். 50 கஜத்தில் 800-ஐத் தொடாது. நூறில் 450-க்குள் அடங்கிவிடும். இந்த விதி உண்மையானால் பென்சில்வேனியாவில் சக்கிமுக்கியோடு போகிறவர்கள் எல்லாரும் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். அப்படி நடப்பதில்லை. இரண்டு நுரையீரலிலும் அரை அங்குல ஓட்டை விழுந்தால் மான் சாகும், எண் எதுவானாலும். வயிற்றில் பட்டால் மூவாயிரம் அடி-பவுண்டும் உடனே கொல்லாது. ஆற்றலைக் கொண்டு இடத்தவறை ஈடுகட்டலாம் என்ற நினைப்புதான் இந்த விதியின் ஆபத்து.

நம்பிக்கை: புது மாடல் இன்லைன் வாங்கி டெலஸ்கோப் மாட்டிவிட்டால் இருநூறு கஜம் கைக்குள்.

1985-ல் டோனி நைட் கொண்டுவந்த எம்.கே.-85 மாடலிலிருந்து வாய்வழித் துப்பாக்கியின் முகமே மாறிவிட்டது. இன்லைனில் தீப்பொறி நேராக மருந்துக்குப் பின்னால் விழுகிறது, பிளாஸ்டிக் உறைக்குள் நீளக் குண்டு, வேகமான சுருள். மழையிலும் ஈரத்திலும் மக்கர் செய்வது வெகுவாகக் குறைந்தது. நூறு கஜத்தில் இரண்டு அங்குலம் போடுவது இவற்றுக்குப் பெரிய காரியமில்லை. ஆனால் இருநூறு கஜம் போய்ச் சேர இதன் குண்டுக்கும் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். மனிதன் நடக்கும் வேகத்தில் ஓர் எட்டு வைத்த மான் அதற்குள் ஒன்றரை அடி நகர்ந்திருக்கும். டெலஸ்கோப் மானைப் பெரிதாகக் காட்டும், நிற்க வைக்காது. கொலராடோ போன்ற மாநிலங்கள் வாய்வழி சீசனில் டெலஸ்கோப், பிளாஸ்டிக் உறை, மாத்திரை வடிவ மருந்து மூன்றையும் தடுத்திருக்கின்றன. அங்கே போகிறவர் துப்பாக்கியை மாற்றினால் போதாது, தன் எல்லையையும் தட்டை வைத்துப் புதிதாக அளந்துகொள்ள வேண்டும்.

நம்பிக்கை: மான் ஓடிவிட்டால் குறி தவறிவிட்டது.

கரிமருந்துப் புகையில் சுட்டவருக்கு எதுவும் தெரியாது. காற்று அசையாத காலையில் வெள்ளைத் திரை கண் முன்னாலேயே தொங்கும். விவரமானவர்கள் சட்டென்று குனிந்து புகைக்கு அடியில் பார்ப்பார்கள். இரண்டு நுரையீரலிலும் குண்டு பட்ட மானும் ஐம்பது, நூறு கஜம் ஓடி விழுவது சகஜம். உருண்டைக் குண்டு மறுபக்கம் வெளிவராமல் தோலுக்கடியில் தங்கிவிட்டால் ஆரம்பத்தில் ரத்தத் துளிகூட இருக்காது. மான் நின்ற இடத்துக்குப் பக்கத்து மரத்தையும், அது கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் அடையாளம் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே துப்பாக்கியை மறுபடி நிரப்ப வேண்டும். அரை மணி நேரம் பொறுத்து அந்த மரத்தடிக்குப் போய், வெட்டுப்பட்ட ரோமம் கிடக்கிறதா என்று மண்டி போட்டுத் தேட வேண்டும்.